சொந்த உபயோகம்

அபுதாபி நகரிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ருவைஸ் கேம்ப் அறையில் அன்று மாலை நானும் செல்வண்ணனும் மட்டும்தான் இருந்தோம். கார் வைத்திருந்த ரஃபீக் பாய் லீவில் ஊருக்குப் போயிருந்தார்.

ஊரில் செல்வண்ணன் மகளுக்கு மறுநாள் ஆபரேஷன். இரவு அபுதாபியில் விமானம். கூப்பிட்ட டாக்ஸி வரவில்லை. டியூட்டி முடித்து நான் நிறுத்தியிருந்த கம்பெனி லாரி வாசலில் நின்றது. அதிலேயே கொண்டுவிடுகிறேன் என்றேன்.

"உனக்கு ரெஸ்ட் கட்டாகிடுமேடா" என்றார்.

"சொந்த வேலைக்கு ஓட்டினா டியூட்டி மணியில சேராதுண்ணே. கம்பெனி ரூல்லயே இருக்கு."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். விதி எதுவானாலும் எழுத்து விடாமல் படிப்பேன். ஓட்டும் மணியையும் ரெஸ்டையும் கணக்கெடுக்கும் லாரி ஸ்கிரீனில் 'சொந்த உபயோகம்' பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்பினேன்.

நகருக்கு வெளியே, லாரிகள் நிற்கும் முஸஃபாவில் அவரை விமான நிலையத்துக்கு டாக்ஸி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கண் சொருகிவிட்டது. சக்கரம் சாலையோரத்தில் ஏறித் தடதடத்ததும் விழித்தேன். முன்னால் தொழிலாளர் பஸ் ஒன்று. கண்ணாடியில் சாய்ந்து தூங்கும் தலைகள். அடுத்த பெட்ரோல் பங்கிலேயே நிறுத்தினேன். பயத்தில் தூக்கம் வரவில்லை.

விடிந்து கேம்புக்கு வந்ததும் சூப்பர்வைசர் போன். "மாப்ளே, ஸ்கிரீன்ல ஃபுல் ரெஸ்ட்னு காட்டுது. லோடு ரெடி, யல்லா, கிளம்பு!"

விதியை நான் தப்பாகப் படிக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்: "சார், ஸ்கிரீன்தான் ரெஸ்ட் எடுத்திருக்கு. நான் தூங்கவே இல்ல."

சூப்பர்வைசர் சொன்னார்: "கலாஸ், விடு. போய்ப் படு. லோடை வேற ஆளுக்குக் குடுக்கிறேன்."

விதி என் மணிகளைத்தான் எண்ணும், களைப்பை நான்தான் சொல்ல வேண்டும் என்பது அன்று புரிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த செய்தி வந்தபோது நான் உறங்கிக்கொண்டிருந்தேன். போனது ஒரு டிரிப் பேட்டா. செல்வண்ணன் திரும்பி வந்து பிடிவாதமாகப் பாதியைத் தந்தார். ஆளுக்கு எழுபத்தைந்து திர்ஹம்.