கோடு போட்ட பலகை

டஸ்டர் அக்கா துடைத்த கரும்பலகையில் இலை இல்லாமலே சோறு போட்டுச் சாப்பிடலாம். அவ்வளவு சுத்தம். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கல்லூரியின் முதல் மாடி அவள் பொறுப்பு. பெருக்குவாள், சாக்பீஸ் வைப்பாள், மணி அடிப்பாள், மத்தியான இடைவேளையில் ஒன்பது வகுப்புப் பலகைகளையும் துடைப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில்தான் இருந்தது. கூப்பிடுகிற வாய்க்கெல்லாம் அவள் டஸ்டர் அக்காதான்.

அவளுக்கு ஒரு பிடிவாதம். வகுப்புக்குள் கட்சி நுழையக் கூடாது. அரசியலே ஆகாது என்கிற ஆள் இல்லை அவள். அப்பா காலத்திலிருந்து நங்கூரக் கட்சிக்குத்தான் ஓட்டு. இருக்கிற நல்லதை உடைக்காமல் காப்பாற்றுகிற கட்சி என்பது அவள் எண்ணம். தையல்காரரான அவள் கணவரோ கொக்குக் கட்சி. எல்லாக் கட்சிக்கும் கொடி தைத்துக் கொடுத்தாலும் கொக்கை மட்டும் செல்லமாகத் தைப்பார். தேர்தல் வந்தால் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரியாத குறைதான். ஆனாலும் சாப்பாட்டுத் தட்டு வைத்துவிட்டால் இருவரும் கட்சி பேச மாட்டார்கள். வீட்டுக்கு உள்ள அந்த ஒழுங்கு கல்லூரிக்கு வேண்டாமா என்பது அவள் கேள்வி.

அழிக்கக் கூடாதது எதுவும் இருந்தால், ஆசிரியர்கள் மூலையில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதிக் கட்டம் போடுவார்கள். அந்தக் கட்டத்துக்கு அவளிடம் பெரிய மரியாதை. போன தேர்தலில் பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கட்சிக் கோஷத்தை எழுதிப் பக்கத்திலேயே கட்டமும் போட்டு வைத்தார்கள். இரண்டு நாள் ஏமாந்தாள். மூன்றாம் நாளிலிருந்து, சின்னம் இருந்தால் கட்டம் செல்லாது என்று அவளே சட்டம் போட்டுக்கொண்டாள்.

அந்தச் சட்டம்தான் அவளை மாட்டிவிட்டது.

அரசியல் அறிவியலுக்குப் புதிதாக ஒரு வாத்தியார் வந்திருந்தார். மறுநாள் பரீட்சை. பலகையின் இடது பாதியில் ஒரு கொக்கை வரைந்து, அதன் கீழே அந்தக் கட்சியின் கொள்கைகளை வரிசையாக எழுதி, மூலையில் கட்டமும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட்டுத் திரும்பினால் பலகை பளபளவென்று இருந்தது. நாற்பது பிள்ளைகளில் ஒருவர்கூட நோட்டில் எழுதியிருக்கவில்லை.

மூன்று மணிக்கு முதல்வர் அம்மா அறையில் விசாரணை.

"உங்களைப் பின்கட்டடத்துச் சாமான் அறைக்கு மாத்தச் சொல்லிச் சார் எழுதிக் கொடுத்திருக்காரு. என்ன சொல்றீங்க?" என்றார் முதல்வர்.

சாமான் அறையில் உடைந்த நாற்காலிகளும் பல்லிகளும்தான். மணி அடிக்க முடியாது, பிள்ளைகளின் சத்தம் கேட்காது. அதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளவும் அவளால் முடியவில்லை.

"பாடத்தை அழிச்சது தப்புதாங்க மேடம். ஆனா சார் ஒண்ணு யோசிக்கணும். மேடையில கட்சி பேசினா, பிடிக்காதவன் எழுந்து போயிடுவான். வகுப்புல எழுந்து போனா ஆப்சென்ட் விழும். மார்க்கும் உங்க கையில. அந்தப் பிள்ளைங்க உக்காந்துதானே ஆகணும்?"

"அம்மா, நான் கட்சி பேசலை, பாடம் நடத்தினேன். பாடத்தோட பேரே அரசியல்தான். கட்சியைத் தொடாம நான் எதை நடத்தறது, கணக்கா?"

"தொடுங்க சார், யார் வேண்டாம்னது? ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணையும் தொடுங்க. நான் வந்து பாக்கறப்ப ஒத்தைக் கொக்குதான் நின்னுது."

"சாப்பிட்டு வந்து வலது பக்கம் நங்கூரம் போட இருந்தேன்மா."

"உங்க வயித்துப் பசி எனக்கு எப்படித் தெரியும்? பாதி பலகை காலியா இருந்துச்சு."

முதல்வர் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாத்தியாருக்கும் உதட்டோரம் துடித்தது.

"நாலு மணிக்குள்ள பலகை பழையபடி வந்துட்டா புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்" என்றார் வாத்தியார். "கொள்கையை நான் திரும்பச் சொல்லி உங்களையே எழுத வச்சுடுவேன். அந்தக் கொக்குதான் ரொம்ப நேரம் எடுத்துச்சு."

"அது கொக்கா சார்? நான் நனைஞ்ச கோழின்னு நினைச்சேன். கழுத்தைப் பாத்துத்தான் கட்சின்னு புரிஞ்சுது."

அப்புறம் நடந்தது அந்த மாடியில் இதுவரை நடக்காதது. டஸ்டர் அக்கா சாக்பீஸைக் கையில் எடுத்தாள். முதலில் பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். வருடக்கணக்கில் கணவர் தைக்கும் கொடிகளுக்குச் சின்னம் வரைந்து கொடுத்த கை அது. ஜென்மத்தில் ஓட்டுப் போடாத கொக்கை ஒரே இழுப்பில், ஒற்றைக்காலில் நிற்க வைத்தாள். வலது பக்கம் நங்கூரம். இரண்டும் ஒரே உயரமா என்று டஸ்டரை வைத்து அளந்தும் பார்த்தாள். கொக்கின் அலகு சற்று நீண்டிருந்தது. அதை அழித்துச் சுருக்கினாள். நாற்பது பிள்ளைகளும் மேசையைத் தட்டினார்கள். வாத்தியார் இரு பக்கமும் சொல்லச் சொல்ல அவள் எழுதி முடித்தபோது நான்கடிக்க ஐந்து நிமிடம் பாக்கி. புகார்க் காகிதம் நான்காக மடிந்து வாத்தியாரின் சட்டைப் பைக்குள் போனது. அக்கா மணி அடிக்க ஓடினாள்.

அன்றிலிருந்து முதல் மாடியில் புது வழக்கம். கட்சி பற்றிய பாடம் என்றால் வாத்தியார் முதலில் நடுக்கோடு போடுவார், இரண்டு சின்னமும் வந்த பிறகுதான் சாப்பிடப் போவார். நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் அக்கா தொட மாட்டாள்.

விஷயம் எப்படியோ தையல்காரர் காதுக்கும் போனது. "கடைசியில எங்க கொக்கை உன் கையாலயே நிக்க வச்சுட்டே பாத்தியா?"

"நிக்க வச்சேன். அலகையும் நறுக்கினேன்."

அவர் குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டார். தட்டு வைத்தாயிற்று.

அடுத்த வாரம் ஐந்தாம் அறைப் பலகையில், கோடு இல்லை, கொக்கு இல்லை, ஒற்றை நங்கூரம் மட்டும் பெரிதாக நின்றது. அக்காவுக்குப் பிடிக்குமே என்று யாரோ ஒரு பையன் வரைந்தது. அழகாகவே வரைந்திருந்தான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் கேட்டார்: "என்னம்மா, இதையுமா?"

அக்கா டஸ்டரைச் சன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினாள். சுண்ணாம்புத்தூள் பறந்தது.

"இதையும்தான் சார்."

"கை வலிக்கலையா?"

"கொஞ்சம் வலிக்குது" என்றாள், துடைத்துக்கொண்டே.