அது இல்லாமல் இது போகக்கூடாது

இல்லை ஆதிலா, இத்தாவை முறித்துக்கொண்டு அந்நிய ஆண்களோடு கதைக்கப் போனவள் என்று நப்லாவைச் சொல்ல உன் நாக்கு எப்படி வளைந்தது? கணவன் அஷ்ரப் மௌத்தாகி, விதவை தனித்திருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளில் மூன்று மாதமாக அவள் ஓர் அறைக்குள் கிடந்தாள். வெள்ளை உடுப்பு, சாத்திய யன்னல், இடுக்கில் விரலகலத்துக்குக் கடல். மூன்று எட்டு வைத்தால் சுவர்.

அறையில் மடிக்கணினி இருந்தது உண்மைதான். அதில் அவள் பார்த்தது, பல நாட்டார் கூலியில்லாமல் சேர்ந்து எழுதுகிற ஓர் ஆஸ்பத்திரி மென்பொருள். அதைப் பார்த்துத்தான் எங்கெங்கோ பிள்ளைகளுக்கு மருந்து அளக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் திருத்தங்களில் எது எதோடு சேர்ந்தது என்று பார்த்து முடிச்சுப் போடுவது நப்லாவின் வேலை. முகம் பார்க்கிற வேலையே இல்லை.

கிலோவில் இல்லாமல் இறாத்தலில், அதாவது பவுண்டில், நிறுக்கும் ஊர்களுக்காக ஒருவன் ஒரு திருத்தம் அனுப்பினான். அந்த இறாத்தலைக் கிலோவாக்கி மருந்து கணக்கிட இன்னொருத்தி வேறொன்று அனுப்பினாள். அவளுடையதில் சிறு பிழை, திரும்பிப் போயிற்று. முதலாவது மட்டும் தனியே போனால், ஆறரை இறாத்தலைக் கிலோ என்றெடுத்து, மூன்று கிலோப் பிள்ளைக்கு ஆறரைக் கிலோவின் மருந்து ஏறும். அதை நிறுத்தச் சொல்லி நப்லா எழுதத் தொடங்கும்போதுதான், கணினியில் ஆண்களோடு கதைக்கிறாள் என்ற உன் கதையைக் கேட்ட அவள் காக்கா, மூத்த சகோதரன் முத்தலிப், இணையப் பெட்டியையும் போனையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினான்.

"காக்கா, ஒரே ஒரு வரி. நாளைக்குப் பகல் லுஹர் தொழுகையோட அந்தத் திருத்தம் வெளிய போயிரும்."

"இத்தா முடிய இன்னும் நாப்பத்தொரு நாள்தானே. உன்ட வரி எங்கயும் ஓடாது."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூதூருக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை கணினியை மார்போடு அணைத்தபடி அவள் வந்தபோது, உம்மா வாசலை அடைத்துக் கதிரை போட்டிருந்தாள்.

"எங்க புள்ள?"

"என்ட கூட்டாளி மின்ஹா வீட்டுக்கு. அங்க இணையம் இருக்கு."

"தா, நான் கொண்டு போறன்."

"கொண்டு போய் நீங்க என்னத்த எழுதுவீங்க, உம்மா?"

உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "ஊர் என்ன கதைக்கும்?"

"உள்ளுக்குள்ள இருக்கக்கயும் கதைக்குதுதானே. இத்தாவிலயும் தேவைக்குப் பகல்ல போகலாம் எண்டு நீங்கதான் சொல்லித் தந்தீங்க. பின்னேரம் அசர் தொழுகைக்கு முதல் வந்து இருப்பன்."

உம்மா எழும்பவில்லை. இருந்தபடியே கதிரையை ஒரு பக்கமாய் இழுத்தாள். ஓர் ஆள் போகுமளவு இடம்.

எண்பத்தொன்பது நாளாக வாசலில் கிடந்த செருப்பை உதறிப் போட்டாள் நப்லா. வேலிக்கு மேலால் நீ பார்த்துக்கொண்டு நின்றாய், ஆதிலா. அவளும் உன்னைக் கண்டாள். கண்டுதான் இறங்கினாள்.