பத்து விரல் வசீகரன்

அபுதாபி முசஃபா பகுதி அச்சகங்களில் அவனை வெறும் வசீகரன் என்றால் தெரியாது. பத்து விரல் வசீகரன் என்றால் தெரியும். பருத்தித்துறைக்காரன். பத்தொன்பது வருடம் கட்டிங் மெஷினில் நின்றும் ஒரு நகம்கூடக் குறையவில்லை. அந்தத் தொழிலில் அது லேசுப்பட்ட காரியமில்லை. அவனுக்கு ஒரே ஒரு வியாதி: கோணலான ஓரத்தைக் கண்டால் கை சும்மா இராது.

முதலாளி சாதிக் பாட்ஷாவுக்கு வேறு பித்து. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த பேஸ்பால் ஆட்டக்காரர் அட்டைகளைச் சேர்ப்பார். முன்பக்கம் ஒரே முகம் இருக்கும், பின்பக்கம் வேறு வேறு சிகரெட்டின் விளம்பரம் இருக்கும். அந்தப் பின்பக்கத்தை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். புதிதாக வாங்கிய ஆறு அட்டைகளை ஒரு வெள்ளிக்கிழமை வசீகரனிடம் கொடுத்து, பிரித்து உறையில் போடச் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

வசீகரன் பிரித்தான். நைந்த ஓரங்கள் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஆறையும் தட்டி அடுக்கி, நாலு பக்கமும் மயிரிழை வெட்டிவிட்டான். நல்லது செய்ததாகத்தான் நினைத்தான், பாவி. ஓரம் வெட்டிய பழைய அட்டையை எந்தச் சேகரிப்பாளனும் சீந்த மாட்டான்.

திரும்பி வந்து பார்த்த சாதிக் பாட்ஷாவின் முதல் குத்தில் மூக்கு உடைந்தது. இரும்பு அளவுகோலால் முதுகில் விளாசினார்.

"இந்தக் கைதானேலே அறுத்துச்சு?"

வலக்கையை இழுத்து மெஷினுக்குள் திணித்து, காலால் பெடலை மிதித்தார். தாளை அமுக்கும் இரும்புக்கட்டை விரல்கள்மேல் இறங்கியது; காலை எடுக்கும்வரை அது மேலே ஏறாது. கத்தி இறங்க இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்த வேண்டும். அவருடைய இரண்டு கைகளும் அங்கே போயின.

வசீகரனின் முகம் மேசையில் கிடந்தது. கண்ணுக்கு நேரே, அவன் வெட்டித் தள்ளிய துண்டுகள். மேலே தேயிலைச் சாய நிறம். வெட்டு வாயில் பால் வெள்ளை. நூறு வருடத் தாள் உள்ளேயும் பழுத்திருக்கும்.

"முதலாளி, உது கள்ள அட்டை! உள்ளுக்கு வெள்ளை! லென்ஸ் வச்சுப் பாருங்கோ!"

அவர் கைகள் பொத்தான்களை விட்டன. லென்ஸை எடுத்தார். அந்தக் காலத்தில் கல்லில் வரைந்து, ஒவ்வொரு நிறமாக அடித்த படம் என்று விற்றவன் சத்தியம் செய்திருந்தான். லென்ஸில் தெரிந்ததோ, அவருடைய அச்சு மெஷினே தினமும் அடிக்கும் நாலு கலர்ப் புள்ளி வரிசை.

"காலை எடுங்கோ முதலாளி, காலை எடுங்கோ..."

அவர் இரண்டாவது அட்டையை எடுத்தார். பிறகு மூன்றாவது. ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை கால் பெடலிலேயே இருந்தது.

வசீகரனுக்கு இன்றும் பத்து விரல்தான். அதில் மூன்று மடங்காது.