நாய் என்று சொன்னேன்

நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு மத்தியானம் நான் பாயை நனைத்துவிட்டேன். நனைத்துவிட்டதாக நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி. ஆனால் அது எனக்குத் தெரிய வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிப்போயிற்று. அந்த இரண்டு மாதத்தில் நான் ஆடிய கூத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

இரண்டாம் உலக யுத்தம் வந்து அரிசிக்குக் கூப்பன் வருவதற்குச் சில வருடம் முந்திய கதை. கொக்குவிலில் எங்கள் வளவுக்கும் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு ஒழுங்கைதான். மத்தியான மணி அடித்ததும் வீட்டுக்கு வந்து, வயிறு முட்டச் சோறு தின்று, விறாந்தையில் பாயை விரித்து அரை மணித்தியாலம் சரிவேன். ரயில் கூவிக்கொண்டு போகும்போது எழும்பி, முகம் கழுவி, திரும்பவும் வாத்தியார் ஆகிவிடுவேன்.

நான் படுத்தால் எங்கள் நாயும் வந்து என் முழங்கால் மடிப்பில் முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கும். கிழட்டுப் பெட்டை. பதின்மூன்று வயது. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் மானம் போனவர்களில் அவளும் ஒருத்தி. குட்டியாக வந்த நாளிலிருந்து எங்கள் முற்றத்தில் ஒரு சொட்டு விட்டவள் அல்ல. கொட்டும் மழையிலும் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஒழுங்கைக்குப் போய்த்தான் ஒன்றுக்கிருப்பாள். அந்த ஒழுக்கத்துக்காகத்தான் வெள்ளி தவறாமல் வீடு மெழுகும் என் மனைவி, வாசற்படி தாண்டக்கூடாது என்ற கட்டளையோடு, விறாந்தை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள்.

அந்த மத்தியானம் ரயில் கூவி நான் எழும்பியபோது வேட்டியின் பின்பக்கம் ஈரம். இளஞ்சூடு. பாயில் கையளவு வட்டம். நாயைக் காணவில்லை. தேசிமரத்தடியில் படுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலை நக்கிக்கொண்டிருந்தாள். அயலவன் வீட்டு அவமானத்தைக் கண்டும் காணாததுபோல் விட்டுக்கொடுக்கிற பெரிய மனுசி என்று நினைத்து மனதுக்குள் நன்றியும் சொன்னேன்.

அவளாக இருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை? அவளுடைய நடத்தை அப்படி. என்னுடைய குலமும் அப்படி. என் தகப்பனாருக்குக் கடைசிக் காலத்தில் இந்தக் கரைச்சல் இருந்தது. காணியில் எனக்குச் சரியான பங்கு வராவிட்டாலும் இது முழுதாக வந்து சேர்ந்துவிட்டது என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த சங்கடம் வேட்டி. எங்கள் பக்கத்தில் ஊத்தை உடுப்பு, வெளுக்கிற கட்டாடியாருக்குத்தான் போகும். வீட்டு ஆம்பிளை பட்டப்பகலில் கிணற்றடியில் குந்தியிருந்து தன் வேட்டியைத் தானே சவுக்காரம் போட்டுத் தோய்த்தால் வேலிக்கு மேலால் நாலு தலை எழும்பும். முதலில் எழும்பியது என் மனைவியின் தலை.

"என்ன, நீங்களே தோய்க்கிறியள்?"

"மை ஊத்துப்பட்டுப் போச்சு."

இரண்டு கிழமையில் நாலு தடவை மை ஊற்றுப்பட்டது. "பள்ளிக்கூடத்திலை எழுதிறியளோ, இல்லை மைக்குள்ளை குளிக்கிறியளோ?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். பகிடி விடுகிறவன் என்று பெயர் எடுத்தவனுக்கு அது ஒரு வசதி. பயத்தில் பல்லைக் காட்டினாலும் பகிடி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வகுப்பில் கதிரையில் இருப்பதை நிறுத்தினேன். இருந்து, கண் அயர்ந்து, ஏதும் நடந்துவிட்டால்? ஆகவே மணிக்கணக்காக நின்றுகொண்டு படிப்பித்தேன். பள்ளிக்கூட மனேச்சர் வந்து பார்த்துவிட்டு, மற்ற வாத்திமார் எல்லாரையும் கூப்பிட்டு, "இவரைப் பாருங்கோ. கதிரை எண்டு ஒண்டு இருக்கிறதையே மறந்திட்டார்" என்று மெச்சினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அதையும் மெச்சினார்.

ஊர்ப் பரியாரியாரிடம் வைத்தியத்துக்குப் போனால் பொழுதுபடுவதற்குள் ஊர் அறிந்துவிடும். இரண்டு ஊர் தள்ளி ஒருவரிடம் போனேன்.

"என்ன வாத்தியார், ஆருக்கு வருத்தம்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்கு."

"அந்த ஒராளின்ரை கையை இஞ்சாலை நீட்டும், நாடி பாப்பம்."

நீட்டினேன். "நித்திரையிலைதானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "முழிப்பிலை?" இல்லை என்றேன். கண்ணை மூடி யோசித்து, போத்தலில் கைப்பான ஒரு குடிநீர் தந்தார். நாற்பது நாள் பத்தியம்: மீன் இல்லை, புளி இல்லை, உறைப்பு இல்லை.

போத்தலைப் பள்ளிக்கூட அலுமாரியில் தேசப்படங்களுக்குப் பின்னால் ஒளித்தேன். ஆனால் மத்தியானச் சோற்றில் மீன்குழம்பைத் தள்ளி வைக்கிற யாழ்ப்பாணத்தானை எங்கே ஒளிப்பது? மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வாயில் வந்ததைச் சொன்னேன்: "விரதம். நாப்பது நாள்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாளே எனக்கென்று புதுச் சட்டி வாங்கி, தலைக்கு முழுகிவிட்டுத் தனியாகச் சமைத்தாள். கிணற்றடியில், கோயிலடியில், சந்தையில் எல்லாம் சொன்னாள். ஒழுங்கையில் போனால் என்னைக் கண்டு சால்வையை இறக்கினார்கள். இப்படியாக, பாயில் மூத்திரம் பெய்கிறேன் என்று நானே நம்பியிருந்த அந்த நாட்களில்தான் என் மதிப்பு ஊருக்குள் என்றைக்கும் இல்லாத உயரத்தில் நின்றது.

முப்பதாம் நாள் அகப்பட்டேன். வெள்ளிக்கிழமை. ரயில் சுணங்கியதோ, நான் அசந்தேனோ, மனைவி மெழுகுவதற்குச் சாணி வாளியோடு வந்து தலைமாட்டில் நின்றபோதுதான் கண் விழித்தேன்.

"உதென்ன ஈரம்?"

எத்தனையோ பொய்யை எவ்வளவோ சாதுரியமாகச் சொன்ன எனக்கு அப்போது ஒன்றும் வரவில்லை. தேசிமரத்தடியைப் பார்த்தேன். அங்கே கிடந்தவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"நாய்," என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல். கையைக் காலை ஆட்டாமல், குரலை உயர்த்தாமல், பதின்மூன்று வருடம் என் முழங்காலோடு ஒட்டிக்கிடந்தவளின் ஒழுக்கத்தை விற்று என் வேட்டியைக் காப்பாற்றிக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா! விரதம் இருக்கிற மனுசன் படுக்கிற பாயிலையோ?" என்று மனைவி வாளியைத் தொப்பென்று வைத்தாள். "இனி உது இஞ்சை இருக்கேலாது. அண்ணை வீட்டை போகட்டும். அங்கை மீன்தலையாவது கிடைக்கும்."

அவளுடைய அண்ணை கொழும்புத்துறையில் கடற்கரையோரம் வளவு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டிலோடு வந்தார். நாய் ஏற மாட்டேன் என்று நின்றது. கூப்பிட்டால் வருவது எனக்கு மட்டும்தான். ஆகவே நானே தூக்கினேன். தூக்கும்போது அவளுடைய பின்னங்காலும் அடிவயிறும் ஈரமாக இருந்தன. இந்த இடத்தில் என் மூளையின் கூர்மையைக் கவனிக்க வேண்டும். கையில் ஈரம், மூக்கில் மணம், மடியில் நாய். என்னோடு படுத்த பாவத்தால் என் ஈரம் அவளிலும் பட்டிருக்கிறதே என்று நினைத்து, அதற்காகவும் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

வண்டில் திரும்பும் மட்டும் அவள் என்னையே பார்த்துக்கொண்டு போனாள். நான் வேலிக் கதியாலில் ஏதோ பட்டை உரிப்பதுபோல் நின்றேன்.

அதற்குப் பிறகு பாய் நனையவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. குடிநீர் வேலை செய்துவிட்டது! நாற்பதாம் நாள் ஒரு சீப்புக் கதலியும் வெற்றிலையும் கொண்டுபோய்ப் பரியாரியார் காலடியில் வைத்தேன். "அந்த ஒராள் சுகமோ?" என்று கேட்டார். "நல்ல சுகம்" என்றேன். வகுப்பில் கதிரையில் இருந்தேன். மீன் தின்றேன். ஆனால் மத்தியானத்தில் முழங்கால் மடிப்பு வெறிச்சென்று கிடந்தது. நித்திரை வரவில்லை. குற்றம் செய்தவன் குணமாகிவிட்டான், செய்யாதவள் நாடு கடத்தப்பட்டுவிட்டாள் என்று பாய் குத்திக்கொண்டே இருந்தது. அவளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் தைரியம் இல்லை. நாளைக்குச் சொல்வோம் என்று இரண்டு கிழமையைக் கடத்தினேன்.

அப்போதுதான் கொழும்புத்துறை மச்சான் வந்தார். வந்தவர் தண்ணீர்ச் செம்பைக்கூட வாங்காமல் தொடங்கினார்.

"மச்சான், உம்முடைய நாய் பெரிய அரியண்டம். படுத்தாப் போதும், ஒழுகுது. நித்திரையிலை அது பாட்டுக்குப் போகுது. அதுக்கே தெரியாது, பிறகு எழும்பி ஈரத்தை மணந்து பாத்திட்டு, வெக்கப்பட்டு வேறை இடத்திலை போய்ப் படுக்குது. சாக்கு, நெல்லு, ஒண்டு மிச்சமில்லை. கட்டிப்போட்டுத் தண்ணியைக் குறைச்சுப் பாத்தன். நிக்கேல்லை. இனி ஏலாது. எங்கடை பக்கத்து வளவுக்காரரிட்டைத் துவக்கு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து சுடச் சொல்லியிருக்கிறன்."

நித்திரையில். எழும்பி வேறை இடத்தில். தேசிமரத்தடி. காலை நக்கியது. வண்டிலில் தூக்கியபோது கையில் பட்டது. ஒவ்வொன்றாக வந்து என் தலையில் குட்டின. முதலில் வந்தது, சொல்லக் கூசுகிறது, சந்தோசம்: அப்போ நான் இல்லை! அது ஒரு மூச்சு விடும் நேரம்கூட நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

மச்சான் போனதும் குசினி வாசலில் போய் நின்றேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நான் நாயைக் கூட்டிக்கொண்டு வரப்போறன்."

"ஏன்? அங்கையும் உதே வேலைதானாம். அண்ணை சொன்னதைக் கேட்டியள்தானே?"

"கேட்டனான். அதாலைதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். மை, கதிரை, இரண்டு ஊர் தள்ளிய பரியாரியார், தேசப்படத்துக்குப் பின்னால் போத்தல். அவள் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப விரதம்?"

"விரதம் இல்லை."

"ஐயோ, ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே!"

சிரிப்பும் திட்டும் அவளுக்கு ஒன்றாக வந்தன. பிறகு, "நாய் எண்டு நீங்கள் சொன்னது மெய்தானே. பிறகேன் கள்ளன் மாதிரி நிக்கிறியள்?" என்றாள்.

"மெய் எண்டு தெரியாமச் சொன்னனான்."

அவள் திரும்பவும் துருவத் தொடங்கினாள். நான் வேலிப் படலையடிக்குப் போனபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: "வரேக்கை ரெண்டு கடகம் கடல்மணல் ஏத்திக்கொண்டு வாங்கோ. மணலெண்டால் ஈரத்தை இழுக்கும்."

கொழும்புத்துறையில் நாயை ஒரு கப்புத் தூணில் கட்டியிருந்தார்கள். தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. தொடையில் மயிர் கொட்டி, தோல் சிவந்து, இலையான் மொய்த்தது. என்னைக் கண்டு வாலை ஆட்டினாள். ஆட்ட ஆட்ட ஒழுகியது. உடனே வாலைத் தாழ்த்திக் காதை மடித்துக்கொண்டாள். கடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு கிழட்டு நாய்க்காக இவ்வளவு தூரம் வந்தனீரோ? உமக்கென்ன விசரே?" என்றார் மச்சான்.

"ஓம்," என்றேன். அந்த இரண்டு மாதத்தில் குசினி வாசலுக்கு வெளியே நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

வீட்டில் விறாந்தை மூலையில் அவளுக்குப் படுக்கை போட்டோம். கீழே மணல், மேலே பனைமட்டையால் இடைவெளி விட்டுக் கட்டிய தட்டி, அதற்குமேல் சாக்கு. ஈரம் கீழே இறங்கிவிடும். அவள் காய்ந்து கிடப்பாள். இரண்டு நாளைக்கு ஒருதரம் மணலை மாற்றினேன். வேப்பிலை அவித்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் தொடையைக் கழுவி, ஈரம் துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசினேன். தண்ணீரைக் குறைக்கவில்லை. தின்ற பிறகும், படுக்க முன்னும், எழும்பின கையோடும் வேலிப் பொட்டடிக்கு நடத்திக்கொண்டு போனேன். பரியாரியாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். வெற்றிலைச் சாறு மூக்கில் ஏறும்வரை சிரித்தார். "வயசு, வாத்தியார். நாயெண்டாலென்ன, நாங்களெண்டாலென்ன," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து தரவில்லை. நான் குடித்தது எதற்கு வேலை செய்தது என்று நானும் கேட்கவில்லை.

அவளுக்குத் தட்டி பிடித்தது. ஆனாலும் நான் பாயில் சரிந்தால் சில நாள் மெதுவாக இறங்கி வந்து முழங்கால் மடிப்பில் ஒட்டிக்கொள்வாள். நான் விலக்குவதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்படித்தான் கிடந்தோம். படலையில் சத்தம் கேட்டுக் கண் விழித்தால் மனேச்சர் பள்ளிக்கூடக் கடதாசிகளோடு முற்றத்தில் நிற்கிறார். பதறி எழும்பி வணக்கம் சொன்னேன். வேட்டியில் ஈரம் பளிச்சென்று தெரிந்தது.

"என்ன வாத்தியார், வேட்டியெல்லாம் ஈரம்?"

நாய் தலையை நிமிர்த்தியது. பாயை மணந்தது. காதை மடித்துக்கொண்டு தேசிமரத்தடிக்குப் போகப் புறப்பட்டது. மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"நான்தான் ஐயா," என்றேன். "நித்திரையிலை போயிட்டுது. கொஞ்ச நாளாக் கிடக்கு."

மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மனேச்சர் முற்றத்திலிருந்து விறாந்தைக்கு ஏறினார். பிறகு கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, அங்கும் இங்கும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு நாளா?"

"மூண்டு மாசம் வரும்."

"எனக்கு ஆறு," என்றார். "ஆரிட்டைக் காட்டுறீர்?"

பரியாரியார் வீட்டுக்கு வழி சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை; கடதாசியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மீனையும் விடவேணுமோ?"

"விடவேணும் ஐயா."

"வீட்டிலை என்னெண்டு சொன்னனீர்?"

"விரதம் எண்டு."

தலையை ஆட்டினார். கொண்டுவந்த கடதாசிகளைத் தராமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவி வந்து, மாற்று வேட்டியைத் தந்து, ஈர வேட்டியை இரண்டு விரலால் தூக்கினாள். "இதைக் கட்டாடியாருக்குப் போடப்போறன். கேட்டா என்னெண்டு சொல்லுறது?"

தேசிமரத்தடிக்குப் போனவள் பாதி வழியில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானெண்டே சொல்லும்," என்றேன்.