வலிக்காத கண்

அம்மாவின் கண்புரைக்காகக் கிள்ளானில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேரி தீவில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஓட்டுநர். நெற்றியில் அக்கி வந்துபோன தழும்பு. வெளுத்துப்போயிருந்த வலது கண்ணைக் கைக்குட்டையால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். பார்த்த எனக்குக் கூசியது.

"வலிக்கலையா அண்ணே?"

"அதான் லா பிரச்சினையே. கண்ணு மங்குதுன்னு எட்டு மாசமா கிளினிக்குக்கு அலைஞ்சேன். வலிக்குதான்னு கேப்பாங்க. இல்லம்பேன். சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிடுவாங்க."

அன்று காலைதான் இங்கே ஒரு மருத்துவர் பஞ்சின் நுனியால் அவர் கருவிழியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அவர் இமைக்கவே இல்லை. அக்கியில் நரம்பு செத்து, உணர்ச்சியில்லாத கருவிழி புண்ணாகிக்கொண்டே வந்திருக்கிறது. புண் ஆற இமையைத் தைத்து மூட வேண்டும்; போன பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"வலிக்குதுன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா அன்னைக்கே ஒழுங்கா பாத்திருப்பாங்க," என்றார்.

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"யார் மேல லா? எல்லாரும் மரியாதையாத்தான் பேசினாங்க. அதான் நம்பிட்டேன்."

தாதி கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனார். அவருக்கு வராத கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.