சுருதி சேரும் வரைக்கும்

அர்வில்லா ஸ்டில்ட்னருக்குப் பொறுமை அதிகம் என்று எங்கள் வர்ஜீனியா மலைப்பக்கத்தில் சொல்லிக்கொள்வார்கள். சுத்தப் பொய். பள்ளிக்கூடச் சமையலறையில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டே தலைமையாசிரியரை வாயாரத் திட்டிய பெண்மணி அவள். அவளுக்குப் பொறுமை இருந்தது ஒரே ஒரு சங்கதியில்தான். அது அவளுடைய பன்னிரண்டு கம்பிக் கிட்டார்.

மற்றவர்கள் கிட்டாரில் ஆறு கம்பிதான். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி. இதைத் தூக்கி நிறுத்தினால் அது சாயும், அதைப் பிடித்தால் இது நழுவும். போதாததற்கு அவளுடையது அறுபதுகளில் செய்தது. முதல் சம்பளத்தில் அடகுக்கடையில் வாங்கினாளாம். கம்பிகளின் இழுப்பில் அதன் வயிறு உப்பிப்போயிருந்தது. முழுச் சுருதிக்கு ஏற்றினால் கம்பிகளைத் தாங்கும் மரக்குதிரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று இரண்டு படி இறக்கி, அதன் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் ஒரு கவ்வியை மாட்டித்தான் வாசிப்பாள். அப்படியும் ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் மறுபடி சுருதி சேர்க்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் தீவனக்கடையின் பின்கூடத்தில் கூடுவோம். ஆஸ்பிக்குப் பிடில், எனக்குப் பாஞ்சோ, இன்னும் சிலர். அவள் முறுக்காணிகளைத் திருகிக்கொண்டிருக்கும்போது கேட்க வந்த கூட்டம் கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் கணவன் ஹோபர்ட்டின் வேலை. எழுந்து நின்று கதை அளப்பான். சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றவன். பாடவும் வராது, வாசிக்கவும் வராது. கோயிலில் அவன் பாடியதைக் கேட்டுப் போதகரே, “மனசுக்குள்ள பாடுங்க, கர்த்தருக்குக் கேக்கும்” என்று சொல்லியிருக்கிறார்.

எங்களிடையே ஒரு சட்டம் உண்டு. சுருதி சேர்ந்ததும் அவள் பன்னிரண்டு கம்பியையும் சேர்த்து ஒரு மீட்டு மீட்டுவாள். ஹோபர்ட் எந்த வார்த்தையில் இருந்தாலும் அதோடு உட்கார்ந்துவிட வேண்டும். அதனால் அவன் கதை எதற்கும் முடிவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவே கரடி ஒன்று கோயிலுக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்த கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கரடி உட்காரும், கிட்டார் ஒலிக்கும், ஹோபர்ட்டும் உட்காருவான். பிறகு அந்தக் கரடி என்ன ஆயிற்று என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

போன குளிர்காலத்தில் அர்வில்லாவின் விரல் மூட்டுகள் வீங்கின. பழைய கிட்டாரின் கழுத்து வளைந்து, கம்பிகள் பலகையை விட்டு எங்கேயோ உயரத்தில் நின்றன. ஒரு பாட்டு முடிவதற்குள் அவள் கண்ணில் நீர் தளும்பும். “வெங்காயம் நறுக்கிட்டு வந்தேன்” என்பாள். எத்தனை சனிக்கிழமைதான் வெங்காயம் நறுக்குவாள்!

கடைசியில் நான்தான் இருவரையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பிரிஸ்டலில் உள்ள வாத்தியக் கடைக்குப் போனேன். கடைக்காரன் டென்னி இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று அவளுடையதன் வயதுதான், குதிரையைப் பிரித்து ஒட்டிச் செப்பனிட்டது. மற்றொன்று புத்தம் புதியது, வார்னிஷ் வாசனை கூடப் போகவில்லை.

பழையதை வாசித்தாள். அடடா, என்ன நாதம்! ஆனால் இடதுகையை உதறிக்கொண்டாள். புதியதை எடுத்தாள். விரல் பட்டாலே போதும், கம்பி படிந்தது. சத்தம் கணீரென்று இருந்தது, ஆனால் இன்னும் உலகம் தெரியாத சத்தம்.

“பழசு பேசுது. புதுசு ஒப்பிக்குது” என்றாள் அர்வில்லா.

“வாசிக்க வாசிக்கப் பேசும்மா” என்றான் டென்னி.

ஹோபர்ட் கேட்டான்: “இந்தப் புதுசு சுருதி நிக்குமா?”

“நிக்குமாவா? காலைல சேத்தீங்கன்னா சாயங்காலம் வரைக்கும் அசையாது.”

“நல்லது. புதுசையே எடு, அர்வில்லா” என்று சொல்லிவிட்டு ஹோபர்ட் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

எனக்குச் சுருக்கென்றது. சுருதி அசையாவிட்டால் இவனுக்குக் கூடத்தில் என்ன வேலை? வாரம் முழுக்க அவன் பேசுவது அந்த நாலைந்து நிமிடம்தான். அதையும் அவன் வாயாலேயே விட்டுக்கொடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை புதுக் கிட்டார் வந்தது. பாட்டு முடிந்தது, அடுத்த பாட்டு தொடங்கியது. ஹோபர்ட் பழக்கதோஷத்தில் பாதி எழுந்து, மறுபடி தீவனமூட்டையில் உட்கார்ந்தான். மூன்றாம் பாட்டுக்குப் பிறகு அதுவும் இல்லை. தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். இடைவேளையே இல்லாமல் காபி ஆறியது. ஆஸ்பி வெளியே போக முடியாமல் காலை மாற்றி மாற்றி நின்றான். இந்த மனுஷன் வாயை யாராவது அடைக்க மாட்டார்களா என்று வருஷக்கணக்காகப் புலம்பியவன் நான். எனக்கே தாங்கவில்லை.

நாலாவது பாட்டு முடிந்ததும் அர்வில்லா மெல்லிய கம்பியைச் சுண்டிப் பார்த்தாள்.

“இது எறங்கியிருக்கு” என்றாள்.

இறங்கவில்லை. என் காது பொய் சொல்லாது. “அட, எங்க எறங்கி...” என்று ஆரம்பித்தேன். ஆஸ்பி என் காலை மிதித்தான், பூட்ஸோடு.

அவள் முறுக்காணியைத் திருகிக் கம்பியை நன்றாகவே இறக்கினாள். பிறகு ஏற்றத் தொடங்கினாள். அவசரமே இல்லை.

“என்ன ஹோபர்ட், மூட்டைக்குக் காவலா இருக்க? ஜனங்க பாத்துட்டிருக்காங்க.”

ஹோபர்ட் எழுந்தான். தொண்டையைக் கனைத்தான். வேறென்ன, கரடிதான். அப்பா காலம், ஆகஸ்ட் மாதப் புழுக்கம், கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, உள்ளே வருகிறது கரடி.

“வந்து, கடைசி பெஞ்சுல உக்காந்துச்சு” என்று நிறுத்தினான். வழக்கமாகக் கிட்டார் ஒலிக்கும் இடம் அது. ஒலிக்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்புறம்?” என்றாள் அர்வில்லா, முறுக்காணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அப்புறம்... பிரசங்கம் முழுசும் கேட்டுச்சு. அசையல. எங்க அப்பாவே தூங்கிட்டாரு, அது தூங்கல. காணிக்கைத் தட்டு வந்துச்சு பாருங்க, எழுந்து வெளிய போயிடுச்சு. அதப் பாத்து எங்க அப்பாவும் பின்னாடியே கிளம்பிட்டாரு.”

ஆஸ்பி சிரித்த சிரிப்பில் பிடிலின் வில் கீழே விழுந்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். ஹோபர்ட் முகம் சிவக்க நின்றான். கதை முடிந்த பிறகு என்ன செய்வதென்று அவனுக்குப் பழக்கமில்லை. உட்காரப் போனான்.

அர்வில்லா அடுத்த கம்பியைச் சுண்டினாள்.

“இரு, இரு. இதுவும் சரியில்ல” என்றாள்.