ஒரு நிமிடப் படத்தில் நான்கு முட்டைகள்

எங்கள் பள்ளியில் சினிமா வகுப்பு எடுக்க என்னைப் பிடித்துப் போட்டதற்கு ஒரே காரணம், ஆண்டு விழாவில் கை நடுங்காமல் ஃபோனைப் பிடித்து வீடியோ எடுத்தவள் நான் என்பதுதான். நான் அறிவியல் ஆசிரியை. படப்பைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. மாணவர்களுக்குப் படம் பார்க்கவும் எடுக்கவும் கற்றுத்தர வேண்டும் என்று உத்தரவு வந்ததும், தாம்பரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு என்னைத் தள்ளிவிட்டார்கள்.

பயிற்சி கொடுத்த தாடிக்கார இளைஞர் சொன்ன ஒரு விஷயம் என் தலைக்கு ஏறிவிட்டது. படத்தை நடுவில் நிறுத்துங்கள், ஆளை விட்டுவிட்டுப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், கண் அப்போதுதான் திறக்கும் என்றார். அதன்பிறகு வீட்டில் யாரும் என்னோடு உட்கார்ந்து படம் பார்ப்பதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "சுவத்துல என்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்றால் எவன் பொறுப்பான்? பிள்ளைகள் பொறுத்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் வகுப்பே கைதட்ட வேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன்.

எட்டாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன். பள்ளி டேப்லெட்டை முறைவைத்து வீட்டுக்கு எடுத்துப் போய், ஓரிடத்தில் அசையாமல் வைத்து, ஒரே ஒரு நிமிடம் எடுத்து வர வேண்டும். பெரும்பாலோர் தங்கச்சியை ஆடவிட்டு எடுத்து வந்தார்கள். ஒருத்தி மட்டும் அவள் அம்மா கீரை ஆய்வதை எடுத்திருந்தாள். அந்த அம்மாவை எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பள்ளி சத்துணவில் சமையல் உதவியாளர். புருஷன் இல்லை. அந்த வேலையில்தான் வீடு ஓடியது. படத்தில், வாசல் வெளிச்சம் பாதி முகத்தில் விழ, கீரையைக் கிள்ளிக்கொண்டே இருந்தவர் ஒருமுறை நிமிர்ந்து வெட்கப்பட்டுச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரம் வகுப்பைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். பெருமையடித்துக்கொள்ள எனக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் படத்தைத்தான் திரையில் போட்டேன். அம்மா சிரித்த இடத்தில் நிறுத்தி, வழக்கம்போல, "பின்னாடி என்ன தெரியுது?" என்றேன்.

"காலண்டர் மிஸ்!" "சிலிண்டர்!" "மேல பல்லி மிஸ்!" முதல் பெஞ்சில் ஒருத்தி எழுந்தே விட்டாள். "மிஸ், அலமாரில நம்ம ஸ்கூல் முட்டை கீது மிஸ்! சீல் கூட தெரியுது!"

சத்துணவு முட்டையை யாரும் வெளியே கொண்டுபோய்விடக் கூடாது என்று ஓட்டின் மேல் முத்திரை குத்தித்தான் அனுப்புவார்கள். கிண்ணத்தில் அப்படி நான்கு முட்டைகள் இருந்தன. வகுப்பு கைதட்டியது. நான் "வெரி குட்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. படம் எடுத்தவளும் மற்றவர்களோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் கை நின்றது.

கடைசி வரிசையிலிருந்து அதிகாரி, "கொஞ்சம் பெருசாக் காட்டுங்க டீச்சர்" என்றார். நான் காட்டினேன். ஒயரைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் போயிடுச்சு சார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மேலிருந்து கேட்டால் செய்தே பழகிய கை, பெரிதாக்கிவிட்டது.

விசாரணையில் அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. "அன்னிக்கு பசங்க நாலு பேரு வரல சார். மீந்துச்சு. வீணாப் பூடுமேன்னு வூட்டுக்கு எடுத்தாந்தேன்" என்றார். மீந்த முட்டையை ஆசிரியர்கள் நாங்களும் தின்றிருக்கிறோம். அவரே உரித்துக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டோடு வைப்பார். ஓடு எங்கள் மேசைக்கு வந்ததே இல்லை. என்னை அழைத்து, "இந்தப் படம் உங்க வகுப்புல போட்டதுதானே?" என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கேட்காததைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவருக்கு வேலை போயிற்று. படத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி வாங்கிக்கொண்டு, டேப்லெட்டில் இருப்பதை அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன். அடுத்த வாரம் அந்தப் பெண் டி.சி. வாங்கிக்கொண்டு போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஆறேழு மாதம் கழித்து, பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மா என் எதிரில் வந்து நின்றார். ஓடிவிடலாமா என்றிருந்தது. பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பதாகச் சொன்னார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"இன்னா மிஸ், எளச்சிட்டீங்க?" என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "பாப்பா எடுத்துச்சே, அந்தப் படம் உங்ககிட்ட கீதா மிஸ்? ஸ்கூல்ல போட்டப்புறம் காட்டுறேன்னு சொல்லிச்சு. எல்லாரும் பாத்தாங்க, நான்தான் பாக்கல. சிரிச்ச எடத்துல ரொம்ப நல்லா இருந்தேன்னு பசங்க சொன்னாங்க. என்னை யாரும் படம் புடிச்சதே இல்ல மிஸ்."

அது இப்போது ஒரே இடத்தில்தான் இருக்கும்: அவரைத் திருடி என்று எழுதிய கோப்பில். அதை எந்த வாயால் சொல்வது? "தேடிப் பாத்து அனுப்புறேன்" என்றேன்.

"பாப்பாவுக்குத் தெரிய வாணாம் மிஸ், அழுவும். என் நம்பருக்கே அனுப்புங்க" என்று சொல்லி, எனக்குத் தப்பிவிடக் கூடாதே என்று ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நானும் அத்தனையையும் ஃபோனில் ஏற்றி, சரிதானா என்று அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன்.